இடப்பக்கம் ஒன்றரை அங்குலம்

12 ஜனவரி, ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டு மேசையை இரண்டு முறை துடைத்தேன். ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. பிறகு நான்கு நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்த திரைச்சீலைத் துணியை அதன்மேல் விரித்தேன். விரித்தேன் என்று எழுதுகிறேனே தவிர, அது விரியவில்லை, வழிந்தது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தரைக்கு இறங்குகிறது. நான்கு மூலையிலும் நான்கு அகராதிகளை வைத்தேன். அகராதிகள் நின்றன, துணி நடுவில் நெளிந்துகொண்டது.

அளவுகோல் வைத்துக் கோடு போட்டுத்தான் வெட்டினேன். பதினெட்டு வருடம் கரும்பலகையில் கோடு போட்ட கை. வெட்டி எடுத்துத் தூக்கிப் பார்த்தால் ஓரம் கடல் அலை மாதிரி இருக்கிறது. ஒரு கஜம் பாழ். வாயாடி பள்ளிப் பையை மாட்டுகிற ஆணியில் அந்தத் துண்டைத் தொங்கவிட்டு, "அம்மா, இது எந்த நாட்டுக் கொடி?" என்கிறாள். உங்கள் மகள்தானே.

தைத்துப் பார்த்த கதை இன்னும் மோசம். கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறாரே தையல்காரம்மா, அவருடைய பழைய மெஷினை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். நாலு தையல் ஓடியது. ஐந்தாவது தையலில் மெஷின் துணியை ஊசித் துளைக்குள் இழுத்து மென்றுவிட்டது. கோபத்தில் மேசையைத் தட்டினேன். நூல் சுற்றிய பாபின் கீழே விழுந்து, எது விழுந்தாலும் உருண்டு போகுமே, அதே இடது மூலைக்குப் போய் அலமாரிக்கடியில் ஒளிந்துகொண்டது. தரையில் குப்புறப் படுத்து அதை எடுக்கும்போது, எனக்கு இது தேவையா என்று தோன்றியது.

"முதன்முதலா தைக்கிறவங்க தலையணை உறை தைப்பாங்க டீச்சர். நீங்க ஏன் எடுத்த எடுப்புல இந்தப் பேய்த்துணியில கை வைக்கிறீங்க?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"அவர் கேட்டார்" என்றேன்.

"அவருக்கென்ன, கேப்பாரு."

நீங்கள் அந்த ஊருக்கு மாற்றலாகிப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வந்து போனது இரண்டு முறை. ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை, ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறை, ஒரு வீட்டுக்காரர் முறைக்கிறார் என்று ஒரு வருடம் ஓடியது. போன மாதம்தான், "வீடு அமைந்துவிட்டது, மூன்று பெரிய ஜன்னல், வெளிச்சம் கொட்டுகிறது" என்று எழுதினீர்கள். கனத்த திரை வேண்டாம், ஊடே வெளிச்சம் வருகிற மாதிரி மெல்லிசாக நீயே தைத்து எடுத்து வா என்று எழுதியதும் நீங்கள்தான். அளவு கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். "ஜன்னல் நல்ல பெரிசு" என்பது அளவு ஆகாது. கம்பியின் நீளம் எவ்வளவு, கம்பியிலிருந்து கீழே எவ்வளவு, இந்த இரண்டும் போதும். ஆற்றின் இரண்டு கரைக்கும் நடுவே பாலம் போட அளவெடுக்கிற மனிதருக்கு ஒரு ஜன்னலை அளக்க நேரமில்லையா?

பிப்ரவரி பதினைந்துக்குள் நான் வேலையை விடுவதாகப் பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயாடிக்கு அந்த ஊர்ப் பள்ளியில் இடம் கேட்க வேண்டும். எல்லாம் வரிசையில் நிற்கிறது, ஜன்னல் மட்டும் நகரமாட்டேன் என்கிறது.

உங்கள் அலுவலகப் போனில், பின்னால் நாலு பேர் நிற்க, மூன்றாவது நிமிடம் சண்டை போடுவதற்குப் பதில் கடிதமே எழுதலாம் என்று நாம் முடிவு செய்தது நல்லதுதான். கடிதத்தில் குரல் உயராது. ஆனால் பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்று தாளின் பின்பக்கம் தடவிப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
டீச்சர்


20 ஜனவரி, திங்கள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

தடவிப் பார்த்தேன். பின்பக்கம் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. அறையில் கூட இருக்கும் இரண்டு பேரும், "என்ன சார், வீட்டிலிருந்து கல்வெட்டு வந்திருக்கா?" என்று கேட்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதே. இங்கே நான்காவது தூணுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் ஏறி இரண்டு நாள் வேலை நின்றது. விடிந்தால் சேறு, இருட்டினால் கணக்கு. நம் புது வீட்டின் சொந்தக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வந்ததும் முதல் வேலை உன் ஜன்னல்தான்.

அந்தத் துணியோடு ஏன் மல்லுக்கு நிற்கிறாய்? மெதுவாகச் செய். அவசரம் ஒன்றுமில்லை. ஜன்னல் எங்கும் ஓடிப்போகாது. வாயாடியின் கொடி எந்த நாட்டுடையது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல். அவள் அம்மாவின் ஆட்சி நடக்கும் நாட்டுடையது.

காலையில் ஆற்றோரம் நடந்துவிட்டு வருகிறேன். உடம்பு இளைத்திருக்கிறது. சட்டையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. வேறு செய்தி ஒன்றும் இல்லை.

அன்புடன்,
உன் வீட்டுக்காரர்


26 ஜனவரி, ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தில் பத்து வரிக்கு மேல் தூணும் சேறும் வேடிக்கையும். ஜன்னலுக்கு ஒரு வரி. விடைத்தாள் திருத்துகிற பழக்கத்தில் எண்ணிவிட்டேன், மன்னிக்கவும்.

துணி கொஞ்சம் வழிக்கு வந்திருக்கிறது. கோடு போட்டு வெட்டக்கூடாதாம். தையல்காரம்மா மேலே வந்து காட்டினார். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விட்டு, அங்கே குறுக்கிழை ஒன்றை நகத்தால் பிரித்து, மெதுவாக இழுக்க வேண்டும். இழை உருவிக்கொண்டே வரும். உருவிய இடத்தில் துணிக்கு நடுவே ஒரு மெல்லிய பாதை தெரியும். அந்தப் பாதையிலேயே கத்தரிக்கோல் போக வேண்டும். அப்போதுதான் வெட்டு நேராக விழும். பாதி வழியில் இழை அறுந்துவிடும். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து மறுபடி இழுக்க வேண்டும். இன்று காலை ஒரு அகலத்துக்கு ஒன்பது முறை அறுந்தது. எட்டாவது முறை அறுந்தபோது அழுகை வந்தது. வாயாடி பார்க்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டேன். ஒரு இழைக்காக யாராவது அழுவார்களா?

துணியின் இரண்டு கரைகளையும் வெட்டி எறிந்துவிட வேண்டுமாம். கரை இறுக்கமாக நெய்திருப்பதால், விட்டுவைத்தால் திரை முழுவதையும் மேலே இழுத்துச் சுருக்கிவிடும். மெஷின் துணியை மெல்லாமல் இருக்க, அடியில் மெல்லிய தாள் வைத்துத் தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்துவிட வேண்டும். என்னிடம் தாளுக்கா பஞ்சம்? பழைய விடைத்தாள்களின் எழுதாத பக்கங்களை வைத்துத் தைத்துப் பழகுகிறேன்.

அப்புறம் கீழ் மடிப்பு. தடித்த துணியில் உள்ளே கால் அங்குலம் மடித்து வெளியே நாலு அங்குலம் மடித்தால் போதும். இதில் அது ஆகாது. உள்மடிப்பும் நாலு, வெளிமடிப்பும் நாலு. இல்லாவிட்டால் வெட்டின ஓரம் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும்.

"இந்தத் துணியில ஒண்ணையும் ஒளிக்க முடியாது டீச்சர். உள்ள என்ன பண்ணாலும் வெளிய தெரியும்" என்றார் தையல்காரம்மா. "அதனாலதான் நான் இதைத் தைக்க எடுக்கிறதே இல்ல."

தைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். எந்த அளவுக்குத் தைப்பது என்பதுதான் தெரியவில்லை. அறையில் கூட இருக்கும் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு அமைந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் அவர்களோடு அதே அறையில்? சாவிதான் காரணமென்றால், அந்த மகன் வீடு எத்தனை மலைக்கு அப்பால் இருக்கிறது?

அளவு வராமல் அடுத்த கடிதம் வேண்டாம்.

உங்கள்,
டீச்சர்


3 பிப்ரவரி, திங்கள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உத்தரவு. இதோ அளவு. எழுதிக்கொள்.

கூடம்: கம்பி நீளம் எழுபத்திரண்டு அங்குலம். கம்பியிலிருந்து தரை வரை, இடப்பக்கம் எண்பத்தாறு, வலப்பக்கம் எண்பத்து நாலரை. இரண்டு பக்கமும் ஏன் தனித்தனியாக என்று கேட்பாய். தரை கொஞ்சம் சாய்வு. பாலத்துக்கு அளவெடுக்கிறவன் என்று கேலி செய்தாயே, பார்த்துக்கொள். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் அதிகம். இதையெல்லாம் சாதாரண ஆள் கவனிப்பானா?

படுக்கையறை: கம்பி ஐம்பத்து நாலு, உயரம் அறுபது.

வாயாடியின் அறை: கம்பி நாற்பது, உயரம் அறுபது.

போதுமா? மார்க் போட்டு அனுப்பு.

வீட்டில் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. அதனால்தான் பழைய அறையிலேயே இருக்கிறேன். சுண்ணாம்பு வாசம் எனக்கு ஆகாது, உனக்கே தெரியும். தைத்து முடிக்க எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஆகும் இல்லையா? நிதானமாகச் செய். எல்லாம் முடிந்த பிறகு வரும் தேதியைப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரர்


9 பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

நூற்றுக்கு நூறு. சாய்வைக் கவனித்ததற்கு ஐந்து மார்க் கூடுதல்.

கடந்த மாதம் எழுதிய கடுகடுப்புக்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு கடிதத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அளவுத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். எண்பத்தாறு, எண்பத்து நாலரை என்று அதைப் பார்த்துப் பார்த்து, நான் காணாத அந்தக் கூடத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டேன். நம் வீட்டு மேசையை எங்கே போடலாம், வாயாடி படிக்க எந்த மூலை என்று யோசித்துக்கொண்டே வகுப்பில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். முன் பெஞ்சுக்காரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இன்று ஒரே காலையில் மூன்று ஜன்னலுக்கும் வெட்டி முடித்தேன். கம்பி நீளத்தைப் போல இரண்டேகால் மடங்கு அகலம், அப்போதுதான் சுருக்கம் நிறைந்து விழும். இழை இரண்டே முறைதான் அறுந்தது. மேல்பக்கம் தைத்தாகிவிட்டது. கீழ்ப்பக்கத்தை மட்டும் மடிக்காமல் விட்டிருக்கிறேன். இந்தத் துணி தொங்கத் தொங்க இறங்குமாம். மூன்று நாளாவது கம்பியில் தொங்கவிட்டு, இறங்குவதெல்லாம் இறங்கிய பிறகுதான் கீழே மடித்துத் தைக்க வேண்டும். அங்கே வந்து தொங்கவிட நேரம் இருக்காது. அதனால் நம் வீட்டுக் கம்பிகளிலேயே தொங்கவிடப் போகிறேன். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு திரைச்சீலை வியாபாரி வந்து அளந்து தைத்துக் கொடுத்த பழைய பழுப்புத் திரைகளைப் பதினோரு வருடத்துக்குப் பிறகு இந்த வாரம் கழற்றுகிறேன்.

ராஜினாமாக் கடிதமும் எழுதிவிட்டேன். ஏழு வரிதான். பதினெட்டு வருடத்துக்கு ஏழு வரி போதுமா என்று இருந்தது. எட்டாவது வரிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வியாழக்கிழமை கொடுக்கப்போகிறேன். தலைமையாசிரியைக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. "நல்லா யோசிச்சீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "வீட்டுக்காரர் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம், எவ்வளவு நாள் மேடம்?" என்றேன்.

மார்ச் முதல் வாரம் நானும் வாயாடியும் திரைகளை எடுத்துக்கொண்டு வருகிறோம். மாட்டிவிட்டு இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அதற்குள் வெள்ளையடித்து முடித்துவிடுவார்கள்தானே?

என்றும் உங்கள்,
டீச்சர்


14 பிப்ரவரி, வெள்ளி

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவசரமாக எழுதுகிறேன்.

மார்ச்சில் வர வேண்டாம். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. இவ்வளவு சீக்கிரம் வெட்டி முடிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காமல் வைத்திரு. கொடுத்துவிட்டாயா? வேலையை விடுவது பெரிய விஷயம். இன்னொரு வருடம் போனால்தான் என்ன? வாயாடியும் ஒரு வகுப்பு தாண்டிவிடுவாள்.

மற்றவை பிறகு.

உன் வீட்டுக்காரர்


16 பிப்ரவரி, ஞாயிறு

உங்களுக்கு,

உங்கள் கடிதம் ஏதாவது வழியில் இருந்தால், அதைப் படிக்காமலே இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். மாலை வீட்டுக்கு வந்து, கூடத்துப் பழைய திரையைக் கழற்றி, புதியதைத் தொங்கவிட்டேன். வீடு அப்படியே வெளுத்துவிட்டது. வாயாடி அதற்கு அந்தப் பக்கம் போய் நின்று, "இப்ப நான் தெரியறேனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை தையல்காரம்மா மெஷினைப் பார்க்க மேலே வந்தார். கூடத்துத் திரையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "அளவெடுத்தவர் கை தங்கக் கை டீச்சர். உங்க வீட்டுக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவர் போன பிறகு கம்பியைப் பார்த்தேன். துணி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கம்பி அளவுக்குச் சரியாக நிறைந்திருந்தது. இஞ்ச் டேப்பை எடுத்துக் கம்பியை அளந்தேன். எழுபத்திரண்டு. கூடத்துக் கம்பி பல வீடுகளில் எழுபத்திரண்டு இருக்கலாம். படுக்கையறைக்குப் போனேன். ஐம்பத்து நாலு. வாயாடியின் அறை நாற்பது. இதுவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பி வந்து, முக்காலி போட்டு ஏறி, கம்பியிலிருந்து தரைக்கு டேப்பைத் தொங்கவிட்டேன். வலப்பக்கம் எண்பத்து நாலரை. இடப்பக்கம் எண்பத்தாறு.

தரை துடைத்தால் தண்ணீர் ஓடுகிற மூலை அது. பாபின் ஓடுகிற மூலை. பதினோரு வருடமாக அந்த மூலைக்கு நான் குனிந்திருக்கிறேன். அளந்ததில்லை. அந்த வியாபாரி வந்து அளந்த நாளில் நான் பள்ளியில் இருந்தேன். நீங்கள்தான் கூட நின்று டைரியில் குறித்தீர்கள்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே சரியான விடை வந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பு செய்திருந்தால்தான் எழுப்பி நிறுத்துவேன். சாய்ந்த தரை இந்த வீட்டைக் கட்டியவன் செய்த தப்பு. அதே தப்பை அதே ஒன்றரை அங்குலத்துக்கு இன்னொரு ஊரில் இன்னொருவன் செய்யமாட்டான்.

அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? கதவு எண் என்ன? ஒரே வரியில் பதில் எழுதுங்கள். வேடிக்கை வேண்டாம்.

ராஜினாமாக் கடிதம் தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குப் பிறகு என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

டீச்சர்


21 பிப்ரவரி, வெள்ளி

அன்புள்ள உனக்கு,

தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. வீடு இல்லை.

இந்த ஒரு வரியை எழுத நான்கு தாள் கிழித்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முதல் ஆறு மாதம் உண்மையாகவே பார்த்தேன். மூன்று வீடு நன்றாகவே இருந்தது. தண்ணீர் இல்லை, பட்டறை இருக்கிறது என்று எழுதியது பொய். ஒவ்வொரு முறையும் சரி என்று சொல்ல வாய் எடுப்பேன், சொல்லமாட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நீ தப்பாக நினைக்காதே, வேறு யாரும் இல்லை. வாயாடி மேல் ஆணை. வேலை முடிந்து வந்தால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆற்றோரம் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கூட இருப்பவர்கள் நான் எங்கே போனேன் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு அது எனக்குப் பிடித்துப்போனது. உன்னிடம் இதை எப்படிச் சொல்வது?

போன மாதங்களில் உன் கடிதமெல்லாம் "வீடு, வீடு" என்றே வந்தது. தாங்க முடியாமல், அமைந்துவிட்டது என்று எழுதிவிட்டேன். எழுதிய மறுநாளே தைரியம் போய்விட்டது. உடனே கிளம்பிவிடுவாயே என்று பயந்து திரைச்சீலை தைக்கச் சொன்னேன். மெல்லிய துணி என்று சொன்னதும் அதற்குத்தான். கஷ்டமான துணி என்று என்னோடு வேலை செய்கிறவரின் மனைவி சொல்லிக் கேட்டிருந்தேன். நீ எதையும் பாதியில் விடுகிறவள், இதையும் நடுவில் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவாய், அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீ அளவு கேட்பதை விடவில்லை. பழைய டைரி பெட்டியில் இருந்தது. பார்த்து எழுதினேன். சாய்வும் அதில் இருந்தது. அது இருந்தால் நிஜம் மாதிரி இருக்கும் என்று சேர்த்தேன்.

நீ கடிதத்தைக் கொடுத்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என்னை மன்னித்துவிடு. ஒரு மாதம் கொடு, இந்த முறை நிஜமாகவே வீடு பார்க்கிறேன். எந்த வீடானாலும் சரி என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் வாருங்கள். அந்தத் திரைகளை மட்டும் எடுத்து வர வேண்டாம்.

இதை வாயாடி கண்ணில் படாமல் கிழித்துப் போட்டுவிடு.

உன்,
வீட்டுக்காரர்


26 பிப்ரவரி, புதன்

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் நேற்று வந்தது. கிழிக்கவில்லை. வாயாடி கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முக்காலியைப் போட்டுக் கூடத்துத் திரைக்கு முன் உட்கார்ந்தேன். தொங்கவிட்டுப் பதிமூன்று நாள். இறங்குவதெல்லாம் இறங்கிவிட்டது. தரையிலிருந்து அரை அங்குலம் விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாலு விரலுக்கு ஒரு குண்டூசி குத்தினேன். குத்திவிட்டுக் கழற்றி மேசையில் போட்டால் மடிப்புக் கோடு சாய்வாகப் போகிறது. யார் பார்த்தாலும் தப்பாக வெட்டிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். கம்பியில் ஏறிய பிறகுதான் நேராகும். நாலு உள்ளே, நாலு வெளியே. அடியில் தாள் வைத்து, ஊசியை மாற்றி, மெதுவாக ஓட்டினேன். மெஷின் ஒரு இடத்திலும் துணியை மெல்லவில்லை. பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. மதியத்துக்குள் மற்ற இரண்டையும் முடித்துவிட்டேன்.

தாளைக் கிழித்து எடுக்கும்போது ஒரு சின்னத் துண்டு மடிப்புக்குள் மாட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் தெரிகிறது, யாரோ ஒரு மாணவியின் பென்சிலில் ஒரு சமக்குறி. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. ஊசியால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாதியில் விடுகிறவள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் நேற்று அதிக நேரம் நின்றேன். வீடு இல்லை என்ற வரியில்கூட அவ்வளவு நிற்கவில்லை. பாதியில் விட்டதையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். முதுகலை இரண்டாம் வருடம், உங்களுக்கு முதல் மாற்றல். தையல் வகுப்பு மூன்றாம் மாதம், உங்களுக்கு மஞ்சள் காமாலை. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த வருடம், நீங்கள் பழைய வேலையை விட்டிருந்தீர்கள். சொல்லிக்காட்டவில்லை. அப்போது விட வேண்டும் என்று எனக்கே தோன்றித்தான் விட்டேன். அதை இத்தனை வருடம் நீங்கள் என் குணம் என்று நினைத்திருக்கிறீர்கள் என்பது தெரியாமல் போய்விட்டது.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்றால் பொய். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் புரிந்த ஒரு இடமும் இருக்கிறது. யாரும் எதுவும் கேட்காத சாயங்காலம். வாயாடி டியூஷனுக்குப் போன பிறகு எனக்கும் ஒரு மணி நேரம் அப்படிக் கிடைக்கிறது. நான் அதை உங்களிடம் சொல்லியிருக்கலாம், நீங்களும் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானே வர வேண்டாம் என்று இருந்திருப்பேனோ என்னவோ. நீங்கள் ஜன்னலை அனுப்பினீர்கள்.

"எந்த வீடானாலும் சரி என்று சொல்லிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வீட்டுக்குள் நான் எப்படி வருவேன்? எங்களுக்காக வீடு பார்க்க வேண்டாம். உங்களுக்கென்று என்றாவது பார்த்தால், ஜன்னலை நீங்களே அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக.

மகளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். அவளிடம், அப்பாவுக்கு வேலை முடிய இன்னும் நாளாகும், நாம் இங்கேயேதான் இருப்போம் என்று சொல்லப்போகிறேன். மற்றதை நீங்கள் வந்து சொல்லுங்கள். அந்தப் பொய்யையும் நானே தைத்துக் கொடுக்க முடியாது.

தையல்காரம்மா சாயங்காலம் மெஷினை எடுத்துப்போக வந்தார். மடிப்பைக் கையில் தூக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எப்ப டீச்சர் ஊருக்குக் கொண்டு போறீங்க?"

"இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

மடிப்பைக் கீழே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மெஷினும் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டார். 

மூன்று திரைகளையும் மாட்டிவிட்டேன். பழைய பழுப்புத் திரைகளைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நான்கு நாள் ஆகும். அதற்குள் நடந்து முடிந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன். நாளைக் காலை முதல் மணி அடிக்கும் முன்பு தலைமையாசிரியையின் அறைக்குப் போய், நான் கொடுத்த ஏழு வரியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் வாயாடி சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் தெரியாது.

இப்படிக்கு,
நான்